மேலுதட்டின் சரித்திரம்

கொச்சி நகரத்தின் எறணாகுளம் பகுதியில், வடக்கு ரயில் நிலையத்துக்கும் பாலாரிவட்டத்துக்கும் இடையே அமைந்திருக்கும் கலூரில், செவ்வாய்க்கிழமைதோறும் புனித அந்தோணியார் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வரும் ஜனக்கூட்டம் சாலையை நிறைத்துக்கொண்டிருக்க, அதற்கு மேலே தூண்களின்மீது மெட்ரோ ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாலையிலும் அதிலிருந்து கடவந்திரைக்குப் பிரிந்து செல்லும் வீதியிலும், சருமத்தையும் கேசத்தையும் முகத்தின் அமைப்பையும் திருத்தித் தருவதாக அறிவிக்கும் சிகிச்சை நிலையங்களின் பலகைகளைக் காணலாம். இக்காலத்தில் பெருநகரங்களில் இத்தகைய நிலையங்களை நாடி வருவோர் விசாரிக்கும் சிகிச்சைகளுள் ஒன்று 'லிப் லிஃப்ட்' என்பது. மூக்கின் அடிவாரத்திலே ஒரு மெல்லிய தோல் பட்டையை அறுத்தெடுத்துவிட்டு, மேலுதட்டை மேலே இழுத்துத் தைப்பதே அதன் சாரம். இது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள்; சிலர் அதனாலேயே அதை விரும்பவும், வேறு சிலர் அதனாலேயே வெறுக்கவும் செய்கிறார்கள். இரு சாராரும் அறியாத ஒன்று உண்டு: மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே கத்தி சென்ற பாதை நம் தேசத்தில் மிகப் பழையது, அதன் வரலாறு முழுவதிலும் கத்தியைவிட அளவுகோலுக்கே அதிக மதிப்பு இருந்து வந்திருக்கிறது.

ஆதி நூலிலிருந்தே தொடங்கலாம். சுசுருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் பதினாறாம் அத்தியாயம் காது குத்துவதைப் பற்றியது. குழந்தையின் காதைக் குத்தும் எளிய காரியத்தில் ஆரம்பித்து, கிழிந்துபோன காது மடலைச் சேர்க்கும் பதினைந்து வகை முறைகளுக்கு ஏறி, அறுபட்ட மூக்கை மீண்டும் அமைக்கும் அரிய வித்தையில் அந்த அத்தியாயம் சென்று முடிகிறது. மூக்கு இருந்த இடத்தின் அளவுக்கு ஓர் இலையைக் கத்தரித்து எடுத்து, அந்த இலையின் அளவுக்கே கன்னத்திலிருந்து தசையை, முழுதும் அறுபட்டுப் போகாமல் ஒரு புறம் ஒட்டியிருக்கும்படி சீவி, அதை மூக்கின் ஸ்தானத்தில் பொருத்தி, மூச்சு விடுவதற்காக இரண்டு குழல்களைச் செருகி, பதிமுகக் கட்டை, அதிமதுரம், மரமஞ்சள் ரசம் ஆகியவற்றின் பொடியைத் தூவி, பஞ்சால் மூடி, நல்லெண்ணெயைத் தெளித்து வர வேண்டும் என்பது அங்கே சொல்லப்பட்ட விதி. உதட்டுக்கு விதி இன்னும் சுருக்கமானது: குழல் மட்டும் வேண்டியதில்லை, மற்றவை யாவும் மூக்குக்குச் செய்வதைப் போன்றவையே. இவ்வளவையும் உள்ளபடி அறிந்தவனே அரசனுக்கு வைத்தியம் செய்யத் தகுந்தவன் என்று அந்த அத்தியாயம் முடிகிறது. உதட்டைச் சீராக்கத் தெரிந்தவனுக்கு ராஜ வைத்தியன் என்ற ஸ்தானத்தை வழங்கிய அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது.

கேரள நாட்டில் சுசுருதரைவிட வாக்படருக்கே செல்வாக்கு அதிகம். அஷ்டவைத்தியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து வந்த நூல் அவருடைய அஷ்டாங்க ஹிருதயம். அதன் உத்தர ஸ்தானத்திலும் காது நோய்களைப் பேசும் இடத்தில் மூக்குச் சந்தானமும் உதட்டுச் சந்தானமும் (சந்தானம் என்பது அறுபட்டதை ஒட்டிச் சேர்ப்பது) வந்துவிடுகின்றன. ஆனால் பாராயணம் செய்யப்பட்ட அளவுக்கு அந்தப் பகுதி பிரயோகத்தில் இருக்கவில்லை. ரத்தத்தைத் தொடும் தொழிலுக்குச் சாதி ஆசாரம் விதித்த தாழ்வு, சஸ்திரத்தை ஏடறிந்தவர் கையிலிருந்து விலக்கிவிட்டது; அந்த அறிவு பிழைத்த இடங்களில் ஏடறியாத தொழிலாளர் கையில் பிழைத்தது. இது நம் நாட்டு வைத்திய சரித்திரத்தின் பெருந்துயரங்களில் ஒன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். மருந்து மட்டும் மறக்கப்படவில்லை. கலூரில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் வெந்நீர் இளஞ்சிவப்பு நிறத்தில் வந்து வைக்கப்படுகிறதே, அந்த நிறத்தைத் தருவது பதிமுகம். சுசுருதர் அறுத்துச் சேர்த்த மூக்கின்மீதும் உதட்டின்மீதும் தூவச் சொன்ன அதே கட்டை.

இவ்வளவு கடினமான வித்தை எதற்காக வளர்ந்தது என்று கேட்டால், அழகுக்காக அன்று, மானத்துக்காக என்பதே விடை. மூக்கையும் அதை அடுத்த உதட்டையும் அறுப்பது உயிரைப் பறிக்காமல் வாழ்வைப் பறிக்கும் தண்டனையாக இருந்தது. மலையாள நாட்டுக் கூடியாட்ட மேடையில், சக்திபத்திரருடைய ஆச்சரிய சூடாமணியின் சூர்ப்பணகை அங்கம் ஆடப்படும்போது, அங்கபங்கம் அடைந்த அவள் உடல் முழுவதும் நிணம் பூசிக்கொண்டு அலறி வரும் காட்சி, பார்த்தவர் மனத்திலிருந்து எளிதில் அகலாது. புராணத்தில் ஒருத்திக்கு நேர்ந்தது, சரித்திரத்தில் ஒரு நாட்டுக்கே நேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், திருமலை நாயக்கர் மூப்படைந்து நோயுற்றிருந்த சமயம் பார்த்து மைசூர் அரசன் கண்டீரவ நரசராஜனின் படை மதுரைச் சீமைக்குள் புகுந்தபோது, அகப்பட்டவர்களைக் கொல்லாமல் மூக்கை மேலுதட்டோடு அறுத்து, அவற்றைத் தன் தலைநகருக்கு அனுப்பியது. ஆண், பெண், குழந்தை என்ற பேதம் அதில் இல்லை. மறவர் சீமைச் சேதுபதி திரட்டிய படையின் துணையோடு மதுரை சேனை மைசூர்ப் படையைத் துரத்திச் சென்று அதே கொடுமையை அங்கே திருப்பிச் செய்தது. மூக்கறு போர் என்று இன்றும் நம்மவர் சொல்வது இதைத்தான். 1659இல் திருமலை நாயக்கர் இறந்தார். அவர் கட்டிய மஹாலின் தூண்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்தப் போருக்குப் பின் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு பிழைத்திருந்த குடிகளைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர்.

அந்தக் கொடுமை மைசூர்ச் சீமையில் மறையவில்லை. 1792இல் முடிந்த போரில் ஆங்கிலேயருடைய படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியன் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்து திரும்பினான். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி இருந்தவனுக்குப் பூனாவுக்கு அருகில் செங்கல் சூளைத் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். அதைச் செய்தவருடைய பெயரைக் குறித்து வைக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை; உடனிருந்து பார்த்த பம்பாய் ஆங்கில வைத்தியர் இருவரின் பெயர்கள் மட்டும் பதிவாகியுள்ளன. லண்டனிலிருந்து வெளிவந்த ஜென்டில்மன்ஸ் மேகஸின் 1794ஆம் வருஷம் அக்டோபர் இதழில் அந்தச் சிகிச்சையின் வர்ணனையைப் படத்தோடு வெளியிட்டது.

அந்த வர்ணனையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். முதலில் மெழுகைத் தகடாகத் தட்டி, இழந்த மூக்கின் அளவுக்கு அதை அமைத்துப் பார்க்கிறார். பின் அதைச் சமமாகப் பரப்பி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு வரைகிறார். அந்தக் கோட்டுக்குள் அடங்கிய தோலைச் சீவி எடுக்கும்போது, இரு புருவங்களுக்கும் இடையே ஒரு சிறு பாலத்தை மட்டும் அறுக்காமல் விடுகிறார், ரத்த ஓட்டம் அதன் வழியே நிற்காமல் செல்லும்படி. அதன்பின் மூக்கின் அடித்தண்டைப் பச்சைக் காயமாக்கி, இரண்டு நாசி மடல்களையும் சுற்றி வந்து மேலுதட்டின்மீது நெடுகச் செல்லும் ஒரு வெட்டை இட்டு, நெற்றியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த தோலின் ஓரத்தை அந்த வெட்டுக்குள் செருகுகிறார். தையல் கிடையாது. நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிக் கீற்றுகளில் பூசி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவதே கட்டு. நான்கு நாள் கழித்து அதை நீக்கிவிட்டு நெய்யில் நனைத்த துணி. இருபத்தைந்தாம் நாள் வாக்கில் புருவ நடுவிலிருந்த பாலத்தை அறுத்து மூக்கைச் சீர் செய்தல். நாசி மடல்களைச் சுற்றி மேலுதட்டின் உச்சியில் சென்ற அந்தச் சூளைக்காரரின் கோட்டை இன்றைய லிப் லிஃப்ட் சிகிச்சையில் டாக்டர் ஊதா மையால் வரையும் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதையில் செல்வது விளங்கும். முகத்தில் இயற்கையாகவே நிழல் விழும் மடிப்பு அது. அங்கே விழும் தழும்பு மற்ற இடங்களைவிடக் குறைவாகக் கண்ணில் படும். இந்த உண்மையை நூல்களால் அன்றி, கையால் கண்டறிந்தவர் அவர்.

அந்த இதழைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்னும் லண்டன் ரணவைத்தியர் பல வருஷம் ஆராய்ந்து, 1814இல் முதன்முதலாக அந்த முறையைத் தாமே செய்து பார்த்து, 1816இல் புத்தகமாக வெளியிட்டார். இந்திய முறை என்ற பெயரோடே அது ஐரோப்பா முழுவதும் பரவியது. கவாஸ்ஜிக்கு மூக்கு கிடைத்தது, கை கிடைக்கவில்லை. அக்காலத்தில் அது தேவர்களாலும் ஆகாத காரியம். கலூரிலிருந்து சிறிது தூரத்தில், இடப்பள்ளியை அடுத்த அமிர்தா மருத்துவமனையில், டாக்டர் சுப்பிரமணிய ஐயரின் தலைமையில், இந்தியாவிலேயே முதன்முறையாக ஒருவருக்கு இரண்டு கைகள் மாற்றிப் பொருத்தப்பட்டது 2015 ஜனவரியில்.

உதட்டைப் பற்றிய கவலை தென்னாட்டில் வேறு இரு வழிகளிலும் வளர்ந்தது. ஒன்று வெற்றிலையும் புகையிலையும் தந்த புற்று. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், எவரெஸ்ட் ஏறப் போய் வந்த ஹோவர்ட் சாமர்வெல் முதலியோர் கன்னமும் தாடையும் உதடும் அரிக்கப்பட்ட நோயாளிகளை நாள்தோறும் கண்டார்கள். அவ்வாஸ்பத்திரியின் ஓர் என்னும் வைத்தியர் வெற்றிலை போடுவோருடைய வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார். மற்றொன்று பிறவியிலேயே பிளந்த உதடு; மலையாளத்தார் முச்சுண்டு என்பார்கள். கர்ப்பிணி கிரகணத்தின்போது வெளியே வந்ததால் குழந்தைக்கு உதடு பிளந்தது என்று தாயின்மேல் பழி போடுவது தமிழ் நாட்டு வழக்கம். குற்றமில்லாத எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தே மடிந்தார்களோ! பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்த திருச்சூரில், ஜூபிலி மிஷன் ஆஸ்பத்திரிக்கு 1959இல் வந்து சேர்ந்த ஹிர்ஜி சொராப் ஆடன்வாலா என்னும் பார்ஸி டாக்டர், தம் ஆசான் சார்லஸ் பின்டோவின் பெயரால் அங்கே ஒரு மையத்தை அமைத்து, 2020இல் காலமாகும் வரை அரை நூற்றாண்டுக்கு மேலாக இக்குழந்தைகளுக்காகவே உழைத்தார். ஆயிரக்கணக்கான முகங்கள் அங்கே சீராயின. ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்கர் 1955இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் விளக்கிய முறையைத் தழுவியது அந்த வேலை: குறுகிப் போன பக்கத்தைச் சுழற்றிக் கீழிறக்கி, மறு பக்கத்தை முன்னே கொண்டுவந்து சேர்ப்பது. குழந்தையின் மூக்கடியிலும் உதட்டு வளைவிலும் புள்ளி புள்ளியாகக் குறித்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்த பின்பே கத்தி எடுக்கப்படும். அங்கே உதட்டை நீளச் செய்கிறார்கள். லிப் லிஃப்டில் குறுகச் செய்கிறார்கள். அளக்கும் இடம் ஒன்றே.

அழகுக்காக உதட்டைக் குறுக்கும் யோசனை, பிரேஸில் நாட்டு டாக்டர்களான கார்டோஸோ, ஸ்பெர்லி இருவரும் 1971இல் மெல்போர்னில் நடந்த மாநாட்டில் வெளியிட்டதிலிருந்து வைத்திய நூல்களில் இடம்பெற்றது. வயதாக ஆக மேலுதடு நீண்டு தொங்குகிறது. பேசும்போது முன்பு தெரிந்த மேல்பற்கள் மறைந்து கீழ்ப்பற்கள் தெரியத் தொடங்குகின்றன. உதட்டின் சிவப்பு மெலிந்து உள்ளே மடங்குகிறது. மருந்தை ஊசியால் ஏற்றி உதட்டைப் பருமனாக்கலாம். நீண்டதைக் குறுக்க அதனால் ஆகாது. ஆகவே தோலையே எடுக்கும் வழியை நாடினார்கள். வெட்டின் உருவம் காளையின் கொம்புபோல் வளைந்திருப்பதால் டாக்டர்கள் அதற்குக் கொம்பின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அழகுக்காக உடம்பில் கத்தி வைப்பதா என்று முகம் சுளிப்போருக்கு நம் பாட்டிமாரை நினைவூட்டுவேன். நெல்லைச் சீமையில் சிறுமியின் காதைக் குத்தி, பஞ்சையும் குணுக்கையும் மாட்டி மடல் தோளைத் தொடும் மட்டும் வளர்த்து, பாம்படமும் தண்டட்டியும் பூட்டினார்கள். காது வளர்க்காத பெண்ணைக் கட்ட மாப்பிள்ளை தயங்கினான். கொச்சிப் பக்கத்து நசராணி மூதாட்டிகள் மேல்காதில் குணுக்கு அணிந்தார்கள். காலம் மாறியதும் அதே நெல்லைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குச் சென்று, வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மல் போட்டுக்கொண்டார்கள். இரண்டையும் அன்போடு ஏற்ற சமூகம், மூக்கடியில் நான்கைந்து மில்லிமீட்டர் தோலை எடுத்துக்கொள்ள விரும்பும் பெண்ணைப் பழிக்க நியாயமில்லை. அவளுக்குச் சொல்லவேண்டியது உபதேசம் அன்று, விவரம்.

விவரம் இது. வாலிப வயதில் மூக்கடியிலிருந்து உதட்டின் சிவப்புத் தொடங்கும் இடம் வரை உள்ள தூரம் பெண்களுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து மில்லிமீட்டர். அதற்கு மேல் நீண்டவருக்கே இந்தச் சிகிச்சை பொருந்தும். எடுக்கும் பட்டை பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்கும். முகத்தை மட்டும் மரக்கச் செய்து, ஒரு மணி நேரம் அளவில் முடித்துவிடலாம். தசையைப் பொதுவாகத் தொடுவதில்லை. உட்புறத்தில் கரையும் நூலும், மேற்புறத்தில் மயிரிழை போன்ற நூலுமாக இரண்டு அடுக்குத் தையல் போடுவார்கள். முதல் மூன்று நாள் வீக்கம் ஏறும். கண்ணாடியில் பார்த்தால் உதடு அளவுக்கு மீறித் தூக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றிப் பலர் கலங்கிவிடுகிறார்கள். வெளித் தையலை ஐந்து முதல் ஏழு நாளில் பிரிப்பார்கள். அதுவரை வாய்விட்டுச் சிரிப்பதும், உறிஞ்சு குழாயில் குடிப்பதும், சூடான காரக் குழம்பும் விலக்கு. புகை பிடிப்பவர் முன்னும் பின்னும் பல வாரம் அதை அடியோடு நிறுத்த வேண்டும், ஏனெனில் புகை தோலுக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைத்து விளிம்பைக் கருகச் செய்துவிடும். சிரிப்பு இயல்பாக வருவதற்குச் சில வாரங்கள் ஆகும். உதட்டின் உச்சியில் மரத்த உணர்ச்சி அதற்கு மேலும் நீடிக்கலாம். கோடு முதலில் சிவந்து தடித்து, ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் வெளுத்து அடங்கும். அதுவரை வெயில் படாமல் காக்க வேண்டும். கொச்சியின் வெயிலில் இது சிறிய காரியமல்ல.

மாநிற மேனியரான நமக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. காது குத்திய இடத்திலோ அம்மைத் தடுப்பூசி போட்ட தோளிலோ தழும்பு தடித்துப் படர்ந்து வளர்ந்தவர்களின் முகத்தில் கத்தி வைக்கத் தயங்கவேண்டும். தழும்பு கறுத்து நிற்கும் இயல்பும் நம் தோலுக்கு அதிகம். எடுத்த தோல் திரும்பி வராது. ஊசியால் ஏற்றிய ஹையலுரானிக் அமிலத்தை மற்றொரு ஊசியால் கரைத்துவிடலாம். அறுத்து எறிந்த இரண்டு மில்லிமீட்டரை எந்த டாக்டரும் கரைத்தோ வளர்த்தோ திருப்பித் தர முடியாது. மிகையாக எடுத்துவிட்டால் உதடுகள் இரண்டும் மூடிச் சேராமல் தூக்கத்தில் வாய் திறந்தே இருக்கும். மூக்கின் அடி அகன்று வடிவம் கெடும்.

ஆகவே நம்பத் தகுந்த டாக்டர், வந்தவரைப் படுக்க வைப்பதற்கு முன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தே கோட்டைக் குறிக்கிறார். படுத்தால் உதடு சரிந்து கணக்கு மாறிவிடும். மரக்கச் செய்யும் ஊசியைப் போட்டபின் தோல் உப்பிப் போகும் என்பதால், அதற்கு முன்பே அளந்து முடிக்கிறார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, சிரிக்கச் சொல்லி, 'ப' 'ம' வரும் சொற்களைச் சொல்லச் சொல்லிப் பார்த்து, வேண்டுமானால் கோட்டை அழித்து ஒரு மில்லிமீட்டர் குறைத்து மறுபடி வரைகிறார். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவரா என்றும், நிலையம் கேரளத்தின் 2018ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்றும் கேட்பதற்கு எவரும் கூசவேண்டியதில்லை. உங்களுக்கு இது வேண்டாம் என்று சொல்லி அனுப்பும் டாக்டரும் தம் தொழிலைச் செவ்வனே செய்தவரே. காதுச் சந்தானம் பதினைந்தையும் விவரித்த சுசுருதர் அவற்றுள் பத்தைச் சாத்தியம் என்று ஏற்று, ஐந்தைக் கையாலாகாதவை என்று ஒதுக்கினார். மேலுதடு ஏற்கெனவே குறுகியவருக்கும், தழும்பு தடிக்கும் தேகவாகு உள்ளவருக்கும், கல்யாணம் பத்து நாளில் இருக்கிறது என்று அவசரப்படுவோருக்கும் அத்தகைய டாக்டர் கத்தியை எடுப்பதில்லை; சில மாதம் தங்கிக் கரைந்துபோகும் ஊசியைச் சொல்லுகிறார், அல்லது ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்புகிறார்.